உலைப்பிரிவின் ரேங்க் பட்டியல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. "போனது போகட்டும் விடுடி" என்று என் அக்கா சொல்கிறாள். அவள் புருஷனுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, அவள் சொல்லுவாள்.

அந்த ஆள் என்றால் ஆலையின் நல அதிகாரி. எதை எழுதினாலும் பச்சை மையில்தான் எழுதுவார் என்பதால் தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் பச்சை மை. பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிப் பாளமாக வார்க்கும் ஆலை அது. மொத்தம் நூற்றெண்பது பேர். அதில் உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் இருபத்திரண்டு பேர். என் வீட்டுக்காரர் பதினொரு வருடமாக அந்த இருபத்திரண்டில் ஒருவர்.

ஈயத்தூசி மூச்சில் போகும், ரத்தத்தில் சேரும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். பிறகு வீட்டுக்கு வீடு வழவழப்பான தாள் ஒன்று வரும். மேலே "நமது ஆலையின் ஆரோக்கியம்" என்று பெரிய எழுத்து. நடுவில் அரைவட்டமாக ஒரு படம், பச்சை, மஞ்சள், சிவப்பு. முள் பச்சையில் நிற்கும். கீழே "ரத்தத்தில் ஈயம்: சராசரி 12. ஆபத்தின் எல்லை: 30." அதற்கும் கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து.

அந்தத் தாளை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவள் நான்தான். ஒட்டியது மட்டுமா, வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல் போடுகிறவள். பத்தொன்பது வருடமாக அதுதான் வேலை. கணக்கு வாத்தியார் கூட்டலில் தப்பு விட்டால்கூட நேரே என் மேஜைக்குத்தான் வருவார். வகுப்பின் சராசரி அறுபது என்று தட்டச்சு செய்துவிட்டு, அதே பக்கத்தில் மூன்று பிள்ளைகள் பெயருக்கு எதிரே "தோல்வி" என்று எத்தனை தடவை அடித்திருப்பேன். சராசரி பாஸானால் எல்லோரும் பாஸ் என்று எந்தப் பெற்றோராவது வந்து நின்றால் சிரிப்பேன். என் சொந்த வீட்டு ஃப்ரிட்ஜில் என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

போன வருடம் அவருக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. சுருட்டிப் பிடித்து இழுக்கும். மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போவார். "வெளிய கண்டதையும் தின்னா இப்படித்தான்" என்று திட்டினேன். பிறகு மறதி, அப்புறம் தொட்டதற்கெல்லாம் கோபம். ஒரு காலையில், "இன்னைக்கு லீவு போடட்டுமா? உடம்பே ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

"அங்க பாருங்க" என்று ஃப்ரிட்ஜைக் காட்டினேன். "பன்னிரண்டு! முப்பது வரைக்கும் ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு. உடம்புல ஒண்ணும் இல்ல, சோம்பேறித்தனம். கிளம்புங்க."

அந்த மனிதர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இதை எழுதும்போதுகூட என் நாக்கில் சூடு வைக்கலாம் போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு தொங்கிப்போய்விட்டது. விரலைத் தூக்கு என்றால் தூக்கவில்லை, மிச்சமிருந்த பலத்தில் கை நடுங்கியது. "என்னடி இது, கை நான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று சிரிக்கப் பார்த்தார். அன்றைக்கே அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர். வரிசையில் எண்பது பேர் நின்றாலும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசுகிறவர். எங்கே வேலை என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்கு?"

நான் பெருமையாக ஃப்ரிட்ஜ் தாளை நீட்டினேன். "பன்னிரண்டு, டாக்டர்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். "இது யாரோட எண்?"

"இவரோடதுதான்."

"இல்லம்மா. இது ஆலையோடது. ஆலைக்கா கை விழுந்திருக்கு? இவரோட எண் எங்க?"

பத்தொன்பது வருடச் சம்பளத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிப்போகலாமா என்றிருந்தது எனக்கு.

நான்கு நாளில் அவருடைய சொந்த எண் வந்தது. எழுபத்தொன்று. மருத்துவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "முதல்ல உலைக்கிட்ட இருந்து வெளிய வரணும். அப்புறம்தான் மருந்து. ஒரு பக்கம் உள்ள போய்க்கிட்டே இருந்தா நான் மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம்? இப்பவே வந்தா கை பெரும்பாலும் திரும்பும். இன்னும் ரெண்டு மூணு மாசம் இழுத்தா நான் உறுதி சொல்ல மாட்டேன்."

உலையிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்ற ஒரு பக்கப் படிவம் போதும். அதில் ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். பச்சைக் கையெழுத்து.

பச்சை மையின் அறை குளுகுளுவென்று இருந்தது. ரிப்போர்ட்டை விரல் நுனியால் தள்ளினார். "வெளி லேப் ரிப்போர்ட்டெல்லாம் நாங்க எடுத்துக்கிறதில்லம்மா. நம்ம ஆலையில எல்லாம் பச்சையிலதான் இருக்கு."

"சார், அவரால பொத்தான்கூடப் போட முடியல. கை நடுங்குது சார்."

"கை நடுங்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சாயங்காலமானா எங்க போறார், யார்கூட உக்கார்றார்னு நீங்கதான் கவனிக்கணும். குடிச்சா கை நடுங்கத்தான் செய்யும். ஈயம் மேல பழியைப் போட்டா எப்படி?"

என் வீட்டுக்காரர் சோடா குடித்தாலே மூக்கில் ஏறி இருமுகிற ஆள். இருபது வருடத்தில் ஒரு சொட்டு தொட்டதில்லை. வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த நொடியில் முடிவு செய்தேன். கையெழுத்து வாங்கத்தான் போகிறேன். ஆனால் இந்தக் குளுகுளு அறையில் இல்லை. ஊர் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு வாங்குவேன்.

அவரை மருத்துவ விடுப்பில் வீட்டில் உட்கார வைத்தேன். மொத்தமே ஆறு வாரம்தான் விடுப்பு இருந்தது. படிவம் வராவிட்டால் ஏழாவது வாரம் உலைக்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். ஐந்தாவது வாரக் கடைசியில் ஆலையில் ஆரோக்கிய தினம். குடும்பத்தோடு எல்லோரும் வருவார்கள், தொழிற்சாலை ஆய்வாளரும் வருவார், பச்சை மை திரையில் படம் காட்டுவார். கடைசியில் ஒரு தொழிலாளியின் குடும்பத்திலிருந்து நன்றியுரை. மூன்று வருடமாக அந்த நன்றியுரையை வாசித்தவள் யார்? நான்தான். "எங்கள் ரத்தத்தைத் தன் ரத்தமாக எண்ணிக் காக்கும் அதிகாரி அவர்களுக்கு" என்று போன வருடம் எழுதி வாசித்துக் கைதட்டல்கூட வாங்கினேன்.

மறுநாளே அவரிடம் போய்க் குழைந்தேன். "நேத்து பதட்டத்துல ஏதோ பேசிட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்க. இந்த வருஷமும் நன்றியுரை நானே சொல்லிடறேன்."

"அதுதான் நல்ல புத்தி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தேன்.

மருத்துவர் ஒரு வழி சொல்லியிருந்தார். அவரவர் ரத்தத்தில் இருக்கும் ஈய அளவை அவரவர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், ஆலைக்காக ரத்தம் பார்க்கும் பரிசோதனைக்கூடம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இருபத்திரண்டு விண்ணப்பங்களை ஒரே மாதிரி தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன்.

"எதுக்கு அண்ணி? நமக்கெல்லாம் பன்னிரண்டுதானே" என்றார்கள். ஒவ்வொருவரும் அதையேதான் சொன்னார்கள். லாரி என்று ஒருவர் இருக்கிறார், குரல் ஹாரன் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அவர் ஒரு படி மேலே போய், "என் உடம்புக்குப் பத்துகூடத் தேறாது" என்று நெஞ்சைத் தட்டினார். "அப்ப கையெழுத்துப் போடுங்க. ஊருக்கே காட்டிப் பெருமை அடிச்சுக்கலாம்" என்றேன். பெருமை என்றதும் பேனா ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். பரிசோதனைக்கூடம் கொடுத்த சீட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே பிரித்தார்கள். இருபத்திரண்டு பேரில் மிகக் குறைந்தது முப்பத்தெட்டு. பன்னிரண்டு யாருக்குமே இல்லை.

லாரி தன் சீட்டைத் தலைகீழாகத் திருப்பினார். அறுபத்தாறு. "தலைகீழாப் பிடிச்சா தொண்ணூத்தொன்பதா ஆயிடுது அண்ணி" என்றார் தாழ்ந்த குரலில். அவருக்குத் தாழ்ந்த குரலும் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கூட்டினேன். இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூற்றுப் பத்து. வகுத்தால் ஆளுக்கு ஐம்பத்தைந்து. ஆலை முழுவதுக்கும் பன்னிரண்டு வரவேண்டுமென்றால் மற்ற நூற்றைம்பத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஆறுதான் இருக்க வேண்டும். கணக்கெழுதுகிறவர்கள், கேட் காவலாளி, தோட்டக்காரர், வண்டி ஓட்டுகிறவர்கள். அவர்களுடைய சுத்தமான ரத்தத்தை ஊற்றி எங்கள் ஆட்களின் விஷத்தை நீர்க்கச் செய்திருக்கிறார்கள். பால்காரன்கூட இவ்வளவு தண்ணீர் ஊற்றமாட்டான். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு வரி இருந்தது: "நகல்: நல அதிகாரிக்கு." ஆக, அவர் மேஜைக்கு ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக வந்திருக்கிறது.

"அந்த ஆளுக்குப் புரிஞ்சிருக்காதோ என்னவோ" என்றார் என் வீட்டுக்காரர். கை விழுந்த பிறகும் அவருக்கு அந்தக் குணம் மட்டும் விழவில்லை.

லாரி நிமிர்ந்தார். "புரியாம என்ன? மச்சானை மட்டும் நாலே மாசத்துல உலையிலிருந்து தூக்கி ஸ்டோர்ல உக்கார வச்சாரே?"

மச்சான் என்பது பச்சை மையின் மனைவியின் தம்பி. ஆலை முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிடும், கொஞ்சம் கேலியாக. மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அலமாரியின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவருடைய மாற்றல் படிவத்தின் நகல். பச்சை மையின் எழுத்து பளிச்சென்று இருந்தது.

"என் பேரை வெளிய சொல்லிடாதீங்க அக்கா. எங்க அக்கா வாழ்க்கை" என்றார்.

வாக்குக் கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆரோக்கிய தினத்தன்று சாப்பாட்டுக் கூடத்தில் நானூறு நாற்காலி. முன்வரிசையில் ஆய்வாளர் அம்மாவும் பச்சை மையின் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அதே அரைவட்டம், முள் அதே பச்சையில். "இந்த வருடமும் பன்னிரண்டு!" என்றார் பச்சை மை. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

மைக்கைப் பிடித்தேன். "பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறவ நான். எனக்குத் தெரிஞ்ச மரியாதை ஒண்ணே ஒண்ணுதான், ரேங்க் பட்டியல் வாசிக்கிறது. உலைப்பிரிவுல இருபத்திரண்டு பேரு. யார் பேரையும் சொல்ல மாட்டேன், எண்ணை மட்டும் வாசிப்பேன். மனசு இருக்கிறவங்க எழுந்து நிக்கலாம். முதல் ரேங்க், எழுபத்தொன்று."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அன்று பொத்தானைத் தானே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்து ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். முதல் ரேங்க் என்றதும் பழக்கதோஷத்தில் யாரோ கைதட்டினார்கள். அப்படியே கூடம் முழுவதும் தட்டியது. தட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நல்லாத் தட்டுங்க. முப்பதைத் தாண்டினா ஆபத்துன்னு உங்க வீட்டுத் தாள்லயே போட்டிருக்கு. எழுபத்தொண்ணு இவரோட ரத்தத்துல இருக்கிற ஈயம்."

"இரண்டாம் ரேங்க், அறுபத்தாறு" என்றேன். யாரும் எழவில்லை. இங்கே நான் தனியாக நின்றால் எல்லாம் போச்சு, அவர் கையும் போச்சு. மூன்றாவது வரிசையில் லாரி அசைந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய கையை மெதுவாக எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

அதற்குப் பிறகு தயக்கம் இல்லை. அறுபத்துநான்கு, அறுபத்துமூன்று, அறுபது. எட்டாவது ரேங்கைத் தாண்டியபோது நான் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி பின்னால் நகர்ந்தது. பெண்கள் தங்கள் புருஷன்மாரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "ஐயோ, நான் இவரைச் சோம்பேறின்னு சொன்னேனே" என்று வாய்விட்டு அழுதாள். நான் அழவில்லை, எனக்கு வேலை இருந்தது.

பச்சை மை பாய்ந்து வந்தார். "ஒரு நிமிஷம்மா! இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். சராசரியைத்தான் பாக்கணும்."

"சராசரிக்கு ரத்தம் கிடையாது சார். சராசரிக்குக் கை விழாது."

"அவங்க முடிக்கட்டும், நீங்க உக்காருங்க" என்றார் ஆய்வாளர் அம்மா.

அவர் உட்காரவில்லை. ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரர். சட்டென்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கைகூப்பினார். "நான் என்ன டாக்டரா? எனக்கும் இந்த எண்ணெல்லாம் முழுசாப் புரியாது. மேலேருந்து என்ன மாதிரி போடச் சொல்றாங்களோ அதைப் போடறேன். தெரியாம நடந்திருந்தா மன்னிச்சிருங்க."

கூடம் இளகியது. "பாவம், அவருக்கு மட்டும் என்ன தெரியும்" என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. பாவமாம்! என் கை பைக்குள் போய் அந்த மடித்த தாளைத் தொட்டது. எடுத்திருப்பேன், சத்தியமாக எடுத்திருப்பேன்.

அதற்குள் ஸ்டோர் ஆட்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மச்சான் நின்றுகொண்டிருந்தார். "பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். "இருபத்துமூணாவது ஆள் நான். நாலு வருஷத்துக்கு முன்னாடி, நாப்பத்தொண்ணு. அக்கா, அந்தத் தாளைப் படிங்க."

பிரித்துப் படித்தேன். "ரத்தத்தில் ஈயம் நாற்பத்தொன்று. எல்லையைத் தாண்டிவிட்டது. நரம்பு பாதிக்கும் அபாயம் உள்ளதால் இன்றே உலைப்பிரிவிலிருந்து மாற்றவும்." தாளைத் திருப்பிக் கூடத்துக்குக் காட்டினேன். பின்வரிசைக்குக்கூட அந்த நிறம் தெரிந்திருக்கும்.

"படிக்கத் தெரியாதவர் எழுதினதைப் பாருங்க" என்றேன். "அன்னைக்கு ஏன் சார் சராசரி பாக்கல? மச்சானுக்கு நாப்பத்தொண்ணுன்னா நரம்பு, எங்க வீட்டுக்காரருக்கு எழுபத்தொண்ணுன்னா பாட்டிலா?"

பச்சை மை தாளைப் பறிக்கக் கையை நீட்டினார். முன்வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றாள். தம்பியைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த இருபத்திரண்டு பேரையும் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். "தம்பிக்கு முதுகுவலின்னுதானே என்கிட்ட சொன்னீங்க?" என்றாள். மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

ஆய்வாளர் அம்மா மேடை ஏறிவிட்டார். மறு உத்தரவு வரும்வரை உலை எரியக்கூடாது என்றார். ஆறு வருட ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இன்றைக்கே தன் கைக்கு வரவேண்டும் என்றார். "இவங்க எல்லாரையும் உடனே மாத்தணும். படிவம் எங்க?"

எங்கே இருக்கும்? என் பையில் இருந்தது. இருபத்திரண்டும், பெயர், பிரிவு, ஈய அளவு எல்லாம் நிரப்பி, கையெழுத்து இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். குமாஸ்தா வேலைதானே என்று என்னை யாரும் இளப்பமாகச் சொல்லவேண்டாம். முதல் ரேங்க்காரர் படிவத்தை மேலே வைத்து மேஜையில் அடுக்கினேன்.

பச்சை மை தன் பேனாவை எடுத்தார். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடியைக் கழற்ற மூன்று தடவை முயன்றார். பேனா முனை தாளைத் தொட்டதும் விலகியது, மறுபடி தொட்டது. ஒரு கோடு நேராக வரவில்லை. என் வீட்டுக்காரருடைய பொத்தான் விரல்கள் மாதிரியே அவர் விரல்களும் கிடுகிடுவென்று ஆடின.

நான் மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை. அவர் பக்கம் குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டேன்.

"என்ன சார், கை நடுங்குது? குடிச்சிருக்கீங்களா?"

இப்போது நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் பார்த்தபோது என் வீட்டுக்காரருக்கு நாற்பத்துநான்கு. அது யாருடைய எண் என்று பரிசோதனைக்கூட ஜன்னலில் இருந்தவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வந்தேன். கீழ்ப் பொத்தான்கள் மூன்றையும் அவரே போட்டுக்கொள்கிறார். கழுத்துப் பொத்தானை மட்டும் இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். போடும்போதெல்லாம் அந்த ஆள் ஞாபகம் வருகிறது. ஃப்ரிட்ஜைக் காட்டிச் "சோம்பேறி" என்று சொன்ன இன்னொருத்தியும் கூடவே ஞாபகம் வருகிறாள். அவளையும் நான் மன்னிக்கவில்லை.